தாடிக்கார முகம்: அசல் அச்சா, நகலா?

கேள்வி: பழைய பொருள் கடையில் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாங்கினேன். தாடி வைத்த, கண்கள் குழிந்த முகம். பின்னால் ‘நோல்டெ, 1912’ என்று எழுதியிருக்கிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டெ மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ‘தீர்க்கதரிசி’யாகத்தான் இருக்க வேண்டும். புத்தகத்திலும் போஸ்டரிலும் ஏராளமாக வந்த படம் என்பதால் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் படத்தை மட்டும் அளந்து பாருங்கள். உயரம் சுமார் 32 செ.மீ., அகலம் 22 செ.மீ. இருக்க வேண்டும். வெகுவாக மாறினால் நகல். பொருந்தினால், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் வழியாகக் கன்னத்தின் ஓரத்தைப் பாருங்கள். பொடிப்பொடிப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் ஆப்செட் அச்சு, சந்தேகமே வேண்டாம். ஆனால் புள்ளி இல்லை என்பதாலேயே அசல் ஆகிவிடாது. புகைப்படத்திலிருந்து உலோக அச்சுக்கட்டை (பிளாக்) எடுத்து அடித்த நகலிலும் புள்ளி இருக்காது. கீழே கையெழுத்து இருந்தால், அது பென்சிலா, மையோடு சேர்ந்து அச்சானதா என்று பாருங்கள்; அச்சானது என்றால் நகல்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. தாடியில் உளி இழுத்த கோடுகள் கரடுமுரடாக, முனை பிய்ந்து நிற்கும். கறுப்புக்குள்ளே மரத்தின் ரேகையே ஓடும். அதை நோல்டெ மறைக்கவில்லை. முகத்தின் துயரத்தில் பாதி அந்த ரேகையிலிருந்துதான் வருகிறது என்பேன்.

19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் மரச்செதுக்கு, மெல்லிய கோடுகளால் சாம்பல் நிழலைக் காட்டும் நுணுக்க வேலையாக இருந்தது. 1905இல் டிரெஸ்டனில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் தொடங்கிய ‘பாலம்’ ஓவியர் குழு அந்த நயத்தை உதறியது. ரேகையை அச்சில் பேசவிடலாம் என்று நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் ஏற்கெனவே காட்டியிருந்தார். நோல்டெ 1906-07இல் அந்தக் குழுவில் இருந்தவர்.

அசல் என்று தோன்றினால், யார் யார் கைமாறி வந்தது என்று விசாரியுங்கள். நோல்டெ நாஜிக் கட்சி உறுப்பினர். அப்படியிருந்தும் 1937இல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை நாஜி அரசு பறிமுதல் செய்தது. அதனால் தாளின் பின்புறம் அருங்காட்சியக முத்திரை இருந்தால் அது முக்கியம். ஜெர்மனியின் ஸீபூலில் உள்ள நோல்டெ அறக்கட்டளைக்கு முன்பக்க, பின்பக்கப் புகைப்படங்களை அனுப்பிக் கேளுங்கள். அதுவரை ஓரத்தை வெட்டாதீர்கள், அட்டையில் ஒட்டாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.