படிப்பு கேள்வி-பதில்: இன்ஜினியரிங் முடித்துவிட்டு பொதுக் கொள்கை படிக்கலாமா?

கேள்வி: பி.இ. (இ.சி.இ.) முடித்து நாகர்கோவிலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். பொறியியலையும் பொதுக் கொள்கையையும் சேர்த்துச் சொல்லித்தரும் மேல்படிப்பு இருக்கிறதாமே? வீட்டில், "எம்.இ. படி, இல்லன்னா ஐ.ஏ.எஸ். கோச்சிங் போ, ரெண்டுங்கெட்டானா நிக்காத" என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகி, தூத்தூர்

பதில்: மக்களே, இது ரெண்டுங்கெட்டான் படிப்பு இல்லை. உனக்கு அதைப் புரியவைக்க ஒக்கி ஒன்றே போதும். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது உங்கள் பக்கத்துப் படகுகள் பல நாள் தங்கலுக்குப் போய் நடுக்கடலில் கிடந்தன. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அப்புறம் 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கிப் படகிலுள்ள செல்போனுக்கு புளூடூத்தில் கொடுக்கும். நல்ல கருவிதான், ஆனால் அதில் செய்தி வரும், போகாது. படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர் அதற்குப் பிறகுதான் வந்தது.

இதில் ஆன்டெனாவும் அலைவரிசையும் நீ ஏற்கெனவே படித்தவை. மீதிதான் பொதுக் கொள்கை, அதைப் பார். கருவிக்குக் காசு யார் போடுவது? எச்சரிக்கையை நம்பிப் பாதியில் திரும்பிய படகின் டீசல் நஷ்டம் யார் தலையில்? சும்மா சும்மா எச்சரித்தால் நாலாவது தடவை படகோட்டுகிறவர் காதில் வாங்கமாட்டார். பிந்தி எச்சரித்தால் உயிர் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். எம்.இ.யில் அந்தக் கணக்கு வராது. ஐ.ஏ.எஸ். கோச்சிங் தேர்வுக்குத் தயார்செய்யும், இதற்கு இல்லை.

நான் வேலையில் இருந்தபோது முப்பந்தலில் ஆடிக்காற்று நன்றாக வீசும் நேரத்திலேயே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி ஃபோன் வரும். காற்றிலும் குறையில்லை, இயந்திரத்திலும் குறையில்லை. கரண்டைக் கொண்டுபோக லைன் போதாது. லைன் இழுக்கத் தெரிந்தவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. அதை எப்போது, யார் செலவில் இழுப்பது என்று வாதாடத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த ஆதங்கம் இன்றும் எனக்கு உண்டு.

சரி, எங்கே படிப்பது? அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரிக்குள்ளேயே இதற்கென்று தனித்துறை இருக்கிறது. எம்.ஐ.டி.யில் தொழில்நுட்பமும் கொள்கையும் சேர்ந்த இரண்டு வருட முதுகலை உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. நம் நாட்டில் உனக்கு முதலில் நான் சொல்வது மும்பை ஐ.ஐ.டி.யின் சிடாரா மையம். அங்கே தொழில்நுட்பமும் வளர்ச்சியும் என்று எம்.டெக். நடத்துகிறார்கள், கிராமத்தில் தங்கிச் செய்யும் களப்பணி பாடத்திட்டத்திலேயே உண்டு. மும்பை, டெல்லி ஐ.ஐ.டி.க்களில் பொதுக் கொள்கை முதுகலையும் இருக்கிறது. எங்கே போனாலும் புள்ளியியல், பொருளாதாரம், செலவு-பலன் கணக்கு மூன்றும் பெரும்பாலும் வரும், இப்போதே தொட்டுவை.

வெளிநாடு என்றால் ஆய்வு உதவியாளர் பணியோ உதவித்தொகையோ கையில் கிடைத்த பிறகு டிக்கெட் போடு. வீட்டை ஈடுவைத்து இதைப் படிக்காதே. கடனை வேகமாக அடைக்கிற சம்பளம் இந்தத் துறையில் எல்லாருக்கும் கிடைக்காது. பெங்களூரு சிஸ்டெப், புனே பிரயாஸ், டெல்லி சி.இ.இ.டபிள்யூ. போன்ற ஆய்வு நிறுவனங்களில் இப்படிப் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. தினசரியில் விளம்பரம் வரும் என்று காத்திருக்காதே, அவர்கள் இணையதளத்தில் தேடு.

விண்ணப்பத்தில் 'நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்று எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். அப்பா அடுத்த தடவை கரைக்கு வந்ததும் உட்கார்ந்து கேள்: படகில் என்ன கருவி இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அணைத்துவைக்கிறார்கள், ஏன்? அவர் சொல்வதை அப்படியே எழுது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேருவதையும், ஓர் ஊரில் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் தூண்டில் வளைவு என்ற கல்சுவர் போட்டால் அடுத்த ஊர்க் கரையைக் கடல் தின்பதையும் நேரில் பார்த்தவள் நீ. அதையும் சேர். எம்.டெக். சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் வரும். வேலையை விடாமலே படித்துத் தயாராகலாம்.