ரோமானிய அரசியின் சிலை: அது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: ஓர் அருங்காட்சியகத்தில் நின்ற நிலைப் பளிங்குச் சிலை ஒன்றைப் படமெடுத்தேன். பலகையில் ‘பேரரசக் குடும்பப் பெண்’ என்று மட்டும் இருந்தது. உச்சந்தலையில் பின்னலை வட்டமாகச் சுற்றிய கொண்டை, கண்மணியில் குழி. யாராக இருக்கும்?

பதில்: நீங்கள் சொல்லும் கொண்டை, இரண்டாம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி மூத்த ஃபௌஸ்டினாவுடையது. கி.பி. 130 வாக்கில்தான் கண்மணியைக் குடைந்து காட்டும் வழக்கம் பரவியது. அதற்கு முன் வண்ணம் தீட்டி விடுவார்கள். ஆக, காலம் பொருந்துகிறது.

ஆனால் அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிடாதீர்கள். வசதியான வீட்டுப் பெண்கள் அரசியின் கொண்டையையே போட்டார்கள். சிற்பிகளும் முகத்தில் கொஞ்சம் அரசி ஜாடையைக் கொண்டுவந்தார்கள். பெயரை உறுதிசெய்ய நாணயம் வேண்டும். ஃபௌஸ்டினா 140இல் இறந்த பிறகும் அவர் பெயரும் பக்கவாட்டு முகமும் பொறித்த நாணயங்கள் ஏராளமாக வெளிவந்தன; மூக்கு, மோவாய், பின்னல் சுற்று மூன்றையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். அரசியின் சிலைகளை ஒரு மூல மாதிரியைப் பார்த்துப் பல ஊர்களில் படியெடுத்தார்கள். அதனால் நெற்றியோர முடிக்கற்றைகள் வேறு ஊர்ச் சிலையிலும் அதே வரிசையில் வந்தால் அது வலுவான சான்று. தனியார் சிலைக்கு அப்படி ஜோடி கிடைப்பது அரிது.

அடுத்து கழுத்து. இதைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். தலையைத் தனியாகச் செதுக்கி, அடிப்பாகத்தை உருட்டி, ஆடையின் கழுத்தோரத்தில் குடைந்த குழியில் பொருத்துவது அக்கால வழக்கம். உடலுக்கு வழக்கமான சில மாதிரி வடிவங்கள் உண்டு. இத்தாலியின் பழைய ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்து இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் பெண் சிலைகளின் வகை அவற்றில் பெயர்பெற்றது. எனவே உடையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, சேகரிப்பாளர்களுக்காக ஒரு உடலில் வேறொரு தலையை ஒட்டியதும் நிறைய நடந்தது. தலைக்கும் உடலுக்கும் பளிங்கின் மணி (கல்லில் தெரியும் படிகத் துகள்) பெரிதும் சிறிதுமாக இருக்கிறதா, நிறமும் அரிப்பும் வேறுபடுகின்றனவா, கழுத்தில் சாந்து நிரப்பிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தலை உடலுக்குச் சிறுத்துத் தெரிந்தாலும் சந்தேகம்தான்.

மூக்கும் கைகளும் பெரும்பாலும் பின்னாள் ஒட்டு. கையில் கோதுமைக் கதிர் இருப்பதை வைத்து சீரிஸ் என்ற தானிய விளைச்சல் தேவியின் கோலம் என்று முடிவு கட்டும் முன், மணிக்கட்டில் ஒட்டுக்கோடு தேடுங்கள். இரு பக்கவாட்டுத் தோற்றம், பின்னந்தலை, கழுத்து நெருக்கம் ஆகிய நான்கு படங்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். அருங்காட்சியகத்தின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பகுதி புதிது என்பது பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை விவரிக்கும் அட்டவணை நூலில் இருக்கும்.