பதில்: மருந்தை நிறுத்தினேன், விளைச்சல் பாதியாகிவிட்டது

தம்பி, மண்ணைக் கொல்லக் கூடாது என்று 60 சென்ட் வயலிலும் ரசாயன உரம், பூச்சிமருந்தை ஒரேயடியாக நிறுத்தி, கும்பப்பூ (இரண்டாம் நெல் பருவம்) விளைச்சல் பாதியாகி, "தர்மம் சோறு போடாது" என்று அப்பா சொன்னதை எழுதியிருந்தீர்கள். நானும் முதல் வருடம் இதே தவறைத்தான் செய்தேன். உங்கள் எண்ணத்தில் பிழையில்லை, அவசரம்தான் பிழை. பல வருடம் யூரியாவில் பழகிய மண்ணுக்கு முதலில் தீனி வேண்டும்.

வரும் கன்னிப்பூவுக்கு (முதல் நெல் பருவம்) 20 சென்ட்டை மட்டும் இயற்கை முறைக்கு விடுங்கள். மிச்சத்தை அப்பா விருப்பப்படி செய்யட்டும். கோடை மழை ஈரத்தில் அந்த 20 சென்ட்டில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை 4 கிலோ விதைத்து, பூக்கும் பருவத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். தண்டு முற்றவிட்டால் மட்க நாளாகும். நெல் நாற்று நட்டு பத்து நாள் கழித்து, தழைச்சத்து தரும் நீர்ப்பெரணியான அசோலாவை வயலில் விடலாம். மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் வையுங்கள். அடுப்புக்கு வாயு, வயலுக்குக் கழிவுக் கரைசல். 1972இல் தொடங்கிய கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் இவற்றில் வெகுகாலமாக வேலை செய்கிறது, நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம் அந்த வாய்க்கால். தூர் வார மேல்வயல்காரர் சேர மறுக்கிறார் என்றீர்கள். சாமித்தோப்பில், சாதி வேற்றுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே முத்திரிக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தவர். அவர் வழி நடக்க விரும்பும் நீங்கள் மண்வெட்டியோடு முதல் ஆளாக வாய்க்காலில் இறங்குங்கள். மேல்வயல்காரர் வராவிட்டாலும் அவர் வயல் மடைவரை தூர் வாரிவிடுங்கள்.

தக்கைப்பூண்டு விதை கிடைக்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள், என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.