பொன்னி வெளுத்துத் தெரிகிறது: கண்ணை நம்புவதா, அட்டையை நம்புவதா?

கேள்வி: ஐயா, லால்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி நட்டு 36 நாள் ஆகிறது. பயிர் வெளுத்துத் தெரிகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சி.ஆர். 1009 நட்டிருக்கிறார்கள்; அது கரும்பச்சையாக நிற்கிறது. நான் அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., 18-ம் நாள் அரை மூட்டை யூரியா போட்டேன். உதவி வேளாண் அலுவலர் வந்து இலை வண்ண அட்டையை (எண் போட்ட பச்சைப் பட்டைகளோடு இலையின் நிறத்தை ஒப்பிடும் அட்டை) வைத்துப் பார்த்தார். மூன்றரை காட்டுகிறது, இப்போது யூரியா வேண்டாம் என்கிறார். மண் பரிசோதனை முடிவு எழுதிய மண்வள அட்டையிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) 'குறைவு' என்று இருக்கிறது. முப்பது வருஷம் பயிர் பார்த்த கண் மஞ்சள் என்கிறது, வண்ண அட்டை போதும் என்கிறது. எதை நம்பட்டும்?

பதில்: யூரியா இப்போது வேண்டாம். அலுவலர் சொன்னதே சரி. ஆனால் உங்கள் கண்ணை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இந்த வயலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் ரகத்தைப் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்த மாசூரி வழியில் தேர்ந்தெடுத்த ரகம் பொன்னி. திருத்திய வெள்ளைப் பொன்னியாகக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. உயரமாக வளரும், தண்டு மெலிவு, தழைச்சத்தை அதிகம் கேட்காது. சி.ஆர். 1009 குட்டையாக, தடித்த தண்டோடு நிற்கும் நீண்டகால ரகம். பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இரண்டுக்கும் வேறு: நீண்டகால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, பொன்னிக்கு 75 கிலோ, அதாவது பாதி. வண்ண அட்டையிலும் யூரியா போடுவதற்கான எல்லை மற்ற ரகங்களுக்கு 4, பொன்னிக்கு 3; நிறம் அதற்குக் கீழே போனால்தான் யூரியா. பக்கத்து வயலின் பச்சை உங்கள் பயிருக்கு வந்தால் அது நல்லதுக்கு வந்த பச்சை அல்ல. பொன்னியில் அந்த நிறம் ஏறினால் இலைச் சுருட்டுப்புழு வரும், மார்கழிப் பனியில் குலைநோய் பிடிக்கும், கதிர் கனத்ததும் ஒரு மழைக்கே பயிர் படுத்துவிடும்.

போட்ட கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹெக்டேருக்கு 75 கிலோ என்றால் ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ இருக்கிறது. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அரை மூட்டையில் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக 19 கிலோவுக்கு மேல் போய்விட்டது, மீதி சுமார் 11 கிலோ. அதாவது இனி ஏக்கருக்குப் போட வேண்டியது இன்னும் ஓர் அரை மூட்டைதான். அதைக் கதிர் உருவாகும் நேரத்துக்கு வைத்திருக்க வேண்டும். இன்று கொட்டிவிட்டால் அது தூருக்கும் தழைக்கும் போகும், கதிருக்கு மிஞ்சாது.

கண் ஏன் மஞ்சள் என்றது? நம் கண் நிறத்தை அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. புது வேட்டிக்குப் பக்கத்தில் நேற்றுக் கட்டிய வேட்டி பழுப்பாகத் தெரிவது போல, கரும்பச்சைக்குப் பக்கத்தில் எந்தப் பயிரும் வெளுப்பாகத்தான் தெரியும். அதோடு வரப்பில் நின்று பார்க்கும்போது மேலே விரியும் இளம் இலைகளே முதலில் கண்ணில் படுகின்றன. அவை இயல்பாகவே வெளிர்நிறம். சூரியனைப் பார்த்து நின்றால் வெளிச்சம் இலையை ஊடுருவி மஞ்சள் தட்டும். முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றால் அதே வயல் பச்சையாக இருக்கும். இன்று மாலையே வயலின் கிழக்கு வரப்பிலும் மேற்கு வரப்பிலும் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அட்டையும் கண்ணால் பார்ப்பதுதான். ஆனால் ஒப்பிடும் நிறம் மாறாமல் நிற்கிறது, அதுவே அதன் பலம். அதனால் அலுவலர் சொன்னதைக் கேட்டு நம்பியதோடு விடாமல் நீங்களே வைத்துப் பாருங்கள். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பார்க்க வேண்டும். நோய், பூச்சி இல்லாத குத்தாக (ஓரிடத்தில் நட்ட நாற்றின் கொத்து), வரப்பை விட்டு உள்ளே தள்ளிப் பத்து இடம் எடுங்கள். மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைக்க வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. வெயில் அட்டையில் விழாதபடி உங்கள் உடம்பாலேயே நிழல் கட்டுங்கள். இரண்டு பட்டைக்கு நடுவில் நின்றால் அரை என்று எழுதுங்கள். பத்தில் ஆறு இலை 3-க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. மழைக்காலத்துப் பயிருக்கு ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது அளவு. யூரியாவாக ஏக்கருக்கு 26 கிலோ. ஆனால் உங்கள் வயலில் மீதியிருப்பது அரை மூட்டைக் கணக்குதான் என்பதால் அதைத் தாண்ட வேண்டாம்.

இங்கே தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. நாலு பட்டை அட்டையில் எண் 2-ல்தான் தொடங்குகிறது. பட்டையை எண்ணிச் சொன்னால் ஒன்று குறைந்துவிடும், அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். வாராவாரம் பார்க்கும்போது ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் மகன் என்று மாற்ற வேண்டாம்; ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே நேரம். வெயிலில் வைத்து நிறம் போன பழைய அட்டையும் பொய் சொல்லும்.

மண்வள அட்டையின் 'குறைவு' வேறு விஷயம். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே கிடைக்கும் தழைச்சத்து இருந்தால் அது 'குறைவு' என்று அச்சாகும். நம் வெப்பத்தில் அங்ககப் பொருள் சீக்கிரம் கரைந்துபோகிறது, அதனால் தமிழ்நாட்டு மண்ணில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அது பருவம் தொடங்குமுன் மொத்த உரத்தைத் திட்டமிடுவதற்கான எண். நட்ட 36-ம் நாள் இலையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண் உண்மைதான், கேள்விதான் மாறிவிட்டது. எழுதி வைத்த எந்த அளவையும் எடுக்குமுன் அது எந்த ரகத்துக்கு, எந்த இலைக்கு, எந்த நாளுக்குச் சொன்னது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கண்ணுக்கான வேலை. அட்டை பச்சையின் அளவைச் சொல்லும், வெளுப்பின் காரணத்தைச் சொல்லாது. காரணத்தை வயலுக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். வெளுப்பு வயல் முழுக்க ஒரே சீராகவா, திட்டுத்திட்டாகவா? அடி இலையிலா, குருத்திலா? தழைச்சத்துக் குறைவு அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். வயல் முழுக்கச் சீராக இருக்கும். கந்தகம் குறைந்தால் இளம் இலை முதலில் மஞ்சளாகும். நடவு வயலில் இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் அடி இலைகளில் துரு நிறப் புள்ளி, இளம் இலையின் அடிப்பக்க நடுநரம்பு வெளுப்பு, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டை என்றால் துத்தநாகக் குறைவு. அதற்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட், இரண்டு கிலோ யூரியா கலந்து தெளித்து, அறிகுறி போகும்வரை 15 நாளுக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்கலாம். இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, குத்து குட்டையாகி, தட்டினால் பச்சைத் தத்துப்பூச்சி பறந்தால் துங்ரோ நச்சுயிர். யூரியா போட்டால் பயிர் தேறாது, காசுதான் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குத்தை வேரோடு பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பாருங்கள். நல்ல வேரின் நுனி வெள்ளையாக இருக்கும், பழைய வேரில் செம்பழுப்புப் பூச்சு படிந்திருக்கும். அந்தப் பூச்சு துரு, பயப்பட வேண்டாம். வேர் மூச்சு விடுகிறது என்பதற்கு அது அடையாளம். வேர் கறுத்து, விரலில் நசுங்கி, முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வயலில் காற்று இல்லை. தண்ணீர் தேங்கி, மட்காத தழை அழுகி, கந்தக வாயு வேரைக் கொல்கிறது. மண்ணில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, இலை வெளுக்கும். அப்போது தேவை யூரியா அல்ல, மடையைத் திறப்பதுதான். மயிரிழை வெடிப்பு வரும்வரை இரண்டு மூன்று நாள் காய விட்டுப் புதுத் தண்ணீர் கட்டுங்கள். இதை எந்த அட்டையும் சொல்லாது. உங்கள் மூக்கும் விரலும்தான் சொல்லும்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வயலையே கேட்கலாம். உள்ளே ஓர் இடத்தில் 5 மீட்டருக்கு 4 மீட்டர் அளந்து, சுற்றிலும் சாண் உயர மண்வரப்பு போடுங்கள். வரப்பு இல்லாவிட்டால் தண்ணீரோடு உரம் நகர்ந்து சோதனை கெட்டுவிடும். தண்ணீரை மேலோட்டமாக வைத்து 130 கிராம் யூரியாவை மணலோடு கலந்து சீராகத் தூவுங்கள். எட்டு முதல் பத்து நாள் கழித்துப் பாருங்கள், மூன்றாம் நாளே பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்தத் திட்டில் மாற்றமே இல்லை என்றால் வெளுப்புக்குக் காரணம் தழைச்சத்து அல்ல. பச்சை ஏறினால், பயிர் தழைச்சத்தை எடுக்கிறது என்று மட்டும் பொருள்; கொடுத்தால் பொன்னி எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். வெளியே உள்ள பயிர் அட்டையில் 3-க்குக் கீழே போகாதவரை மற்ற இடத்துக்குப் போட வேண்டியதில்லை.

மீதி அரை மூட்டைக்கு நாள் பார்ப்பதிலும் புத்தகத்தைவிட உங்கள் கண்ணுக்கே முதலிடம். பொன்னிக்கு விதைத்து 65 முதல் 70 நாள் என்று சொல்வது வழக்கம். நாற்று வயது கூடினாலும், வானம் மூடிக்கொண்டே இருந்தாலும் அது முன்பின்னாகும். அதனால் இன்னும் நாலைந்து நாளில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நாலைந்து குத்துகளில் தாய்த் தூரை (குத்தின் முதல் தண்டை) அடியோடு அறுத்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்குச் சற்று மேலே, ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டருக்கு, மெல்லிய வெள்ளை இறகு மாதிரி ஒரு கூம்பு தெரியும். அதுதான் கதிர். பிளந்த தூர்களில் பாதிக்கு மேல் அது தெரிந்தால் அன்றோ மறுநாளோ மேலுரம் போடலாம்.

அன்று ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். அடியுரத்தில் பொட்டாஷ் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இதைக் கட்டாயம் விட்டுவிடாதீர்கள், பொன்னியின் தண்டுக்குப் பலம் அதில்தான். ஐந்து பங்கு யூரியாவுக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்துப் போட்டால் சத்து மெல்லக் கரையும். நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்று ஈரத்தில் தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். கனமழை அறிவிப்பு இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அதன் பிறகும் வாரம் ஒருமுறை பத்து இலை பாருங்கள். பூக்கும்வரை 3-க்குக் கீழே போகாவிட்டால் பொன்னிக்கு வேறு யூரியா தேவையில்லை.