துடுப்பு முளைத்த கார்கள்

கே: பழைய அமெரிக்க கார்களின் பின்பக்கம் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்குமே, எதற்கு?
- வாசகர், குளச்சல்

ப: அழகுக்குத்தான். இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-38 லைட்னிங் விமானத்தின் இரட்டை வாலில் மயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், அதை 1948 காடிலாக்கில் கொண்டுவந்தார். 1959 காடிலாக்கில் துடுப்பு உச்சத்துக்குப் போனது. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. என் மனசு 1957 செவர்லே பெல் ஏரில்தான். சின்ன வயதில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் முதலாளியிடம் அது இருந்தது. பெட்ரோல் மூடியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். "இன்னா பாரு மக்ளே" என்று டிரைவர் அண்ணன் இடது துடுப்பின் ஓரத்துக் குரோமியப் பட்டையைத் திறந்தார். உள்ளே மூடி! மழைவிட்ட வெயிலில் அந்தக் குரோமியத்தில் தென்னைமரம் வளைந்து தெரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.