மருந்தை நிறுத்த வைக்கும் குற்ற உணர்ச்சி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் மகனுக்கு 5 வயது. இரண்டு வருடங்களாக மலச்சிக்கல். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் போகிறான், போகும்போது அலறுகிறான். சில மாதங்களாக உள்ளாடையில் கறை படிகிறது. கேட்டால் "எனக்குத் தெரியாது" என்கிறான். பள்ளியிலிருந்து போன் வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. மருத்துவர் கொடுத்த பொடி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் "மருந்து கொடுத்தே பழக்கினால் குடல் சோம்பேறியாகிவிடும்" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொன்னதால் இரண்டு முறை நிறுத்தினேன். இரண்டு முறையும் பழைய கதைதான். போன வாரம் பொறுக்க முடியாமல் அவனை அடித்துவிட்டேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "தானாகச் சரியாகும், நீதான் பெரிதாக்குகிறாய்" என்கிறார் கணவர். காலையில் கண் விழித்ததும் "இன்று போவானா?" என்பதுதான் என் முதல் நினைப்பு. இதை யாரிடம் சொல்லி ஆறுவது? நான் எங்கே தவறினேன்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் மலச்சிக்கலுக்கு நீங்கள் காரணம் இல்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடலில் எந்த நோயும் கிடையாது. எப்போதோ ஒருமுறை மலம் இறுகி வலித்திருக்கும். அந்த வலி மறுபடியும் வந்துவிடுமோ என்று குழந்தை அடக்க ஆரம்பிக்கிறது. அடக்க அடக்க, தேங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் இறுகும், இன்னும் பெரிதாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். பால் குடித்த குழந்தை திட உணவுக்கு மாறும்போதும், கழிப்பறைப் பழக்கம் தொடங்கும்போதும், பள்ளியில் சேரும்போதும் இந்தச் சுழல் தொடங்குவது மிகவும் சகஜம்.

உங்கள் மகன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, நுனிக்காலில் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்குகிறான், பாவம், வரவில்லை என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். உண்மையில் அவன் அந்த நேரத்தில் முழு பலத்தோடு அடக்கிக்கொண்டிருக்கிறான். இதை ஒருமுறை புரிந்துகொண்டுவிட்டால், "முக்கு, நன்றாக முக்கு" என்று பக்கத்தில் நின்று கெஞ்ச மனம் வராது.

உள்ளாடைக் கறைக்கு வருகிறேன். மலம் மாதக்கணக்கில் தேங்கும்போது மலக்குடல், நெடுநாள் இழுத்துக் கட்டிய ரப்பரைப் போலத் தொய்ந்துவிடுகிறது. நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிப்போகிறது. மேலிருந்து வரும் இளகிய மலம், இறுகித் தேங்கிய மலக்கட்டியைச் சுற்றி, அவன் அறியாமலே கசிகிறது. "எனக்குத் தெரியாது" என்று உங்கள் மகன் சொன்னது நிஜம். சோம்பலோ பிடிவாதமோ அதில் துளியும் இல்லை.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடம். அடித்ததைவிட எனக்குக் கனமாகப் பட்டது, நன்றாக வேலை செய்த மருந்தை நீங்கள் இரண்டு முறை நிறுத்தியதுதான். ஏன் நிறுத்தினீர்கள்? ஊர் வாய்க்குப் பயந்து மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். மருந்து இல்லாமல் பிள்ளையைப் போகவைக்கத் தெரியாத தாய் என்று உங்களையே நீங்கள் தீர்ப்பிட்டுக்கொண்டீர்கள். அதனால் அந்தப் பொடி ஒவ்வொரு நாளும் உங்கள் தோல்வியை நினைவூட்டியிருக்கிறது. இந்தக் குற்ற உணர்ச்சியோடு வரும் பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பிள்ளை நான்கு நாள் ஒழுங்காகப் போனால் போதும், "இனி வேண்டாமே" என்று அவசரப்படுகிறார்கள். பாதியில் நிறுத்தியதால் திரும்ப வருகிறது. திரும்ப வந்ததால் குற்ற உணர்ச்சி இரட்டிப்பாகிறது.

அந்தப் பொடி அநேகமாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால். மருந்துச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அது உடலுக்குள் மிக மிகக் குறைவாகவே சேருகிறது. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவது மட்டுமே அதன் வேலை. குடலைச் சோம்பேறியாக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. வலியில்லாமல் பல மாதங்கள் போய்ப் பழகினால்தான் தொய்ந்த மலக்குடல் சுருங்கும், குழந்தையின் பயமும் தெளியும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல மருத்துவச் சங்கங்கள் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் இதுதான் முதல் மருந்து. குறைந்தது இரண்டு மாதமாவது தொடர வேண்டும், தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு மாதம் கழிந்த பிறகே குறைக்கத் தொடங்க வேண்டும், அதுவும் படிப்படியாக என்கிறது அது. சிறப்பு மருத்துவர்களிடம் போகும் குழந்தைகளிலேயே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் மருந்தில்லாமல் சரியாகிறவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். மீதிப் பேருக்கு இன்னும் நாளாகிறது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஆகும் என்று முன்பே தெரிந்த தாய், மூன்றாவது வாரத்தில் உடைந்துபோக மாட்டாள்.

இன்னொன்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதலில் தேங்கிய கட்டியை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சில நாட்கள் மருந்தின் அளவைக் கூட்டித் தருவார்கள். அந்த நாட்களில் கசிவு அதிகமாகும். மருந்து கெடுதல் செய்கிறது என்று பயந்து பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். அளவை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எடைக்கு ஏற்ப மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நார்ச்சத்து, தண்ணீர் என்று உங்களுக்கு எத்தனை பேர் பாடம் எடுத்திருப்பார்கள் என்று தெரியும். அதே வழிகாட்டுதல், வயதுக்கேற்ற சாதாரண அளவு போதும், அதற்கு மேல் திணிப்பதால் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. ஆகவே சாப்பாட்டு நேரத்துச் சண்டையை இன்றே கைவிடலாம். "நீ சரியாக ஊட்டவில்லை" என்ற பழியையும் உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள்.

உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும். அப்போது ஐந்து முதல் பத்து நிமிடம், காலுக்கு ஒரு பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி உட்காரவையுங்கள். உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள், போனானா என்று பார்க்காமல். உட்காருவது அவன் கையில் இருக்கிறது; போவது இல்லை. போகவைப்பது உங்கள் கையிலும் இல்லை. மருந்து கொடுத்தாயிற்று, உட்காரவைத்தாயிற்று என்றால் அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது. இரவில் ஒருமுறை நோட்டில் குறித்துவிட்டு மூடிவையுங்கள். பகலெல்லாம் "போனாயா, வருகிறதா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி உங்களையும் தின்கிறது, அவனையும் இறுக்குகிறது.

அடித்ததற்கு வருந்துகிறீர்கள். அதை அவனிடமே சொல்லுங்கள்: "அது உன் தப்பில்லை, அம்மா அடித்தது தப்பு" என்று. பயந்த குழந்தை இன்னும் இறுக்கி அடக்கும். அடி விழுந்தால் கறை படிந்த துணியை ஒளித்துவைக்கவும் கற்றுக்கொள்ளும். மறுபடி கோபம் தலைக்கேறினால் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வேறு யாராவது கழுவிவிடட்டும்.

அந்த வேறு யாராவது, உங்கள் கணவர்தான். இத்தகைய குழந்தைகளின் பெற்றோரிடம் பேசிச் செய்த ஆய்வுகளில் தனிமையும், குற்ற உணர்ச்சியும், தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற மனக்குறையும் திரும்பத் திரும்ப வருகின்றன. "நீதான் பெரிதாக்குகிறாய்" என்ற வாக்கியம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் வளர்க்கும். மாலை மருந்தும் உட்காரவைப்பதும் அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உதவி என்று கேட்க வேண்டாம். பாதி வேலை அவருடையது. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையிலேயே வாரங்கள் கழிந்தால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மகனுக்குச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் இது ஒரு மருத்துவப் பிரச்சினை என்று நேராகச் சொல்லி, ஒரு மாற்று உடை கொடுத்துவையுங்கள்.

பிறந்து 48 மணி நேரத்துக்குப் பின்தான் முதல் மலம் போனானா, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் இருந்ததா, பச்சை வாந்தி, உப்பிய வயிறு, எடை ஏறாமை, கால்களில் பலவீனம் ஏதாவது உண்டா என்று யோசியுங்கள். குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்ற பிறவிக் குறை ஏறத்தாழ ஐயாயிரம் குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதிக்கக் கூடாது. இல்லையென்றாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு. மலம் இன்னும் தேங்கியிருக்கிறதா, மருந்தை எப்போது, எப்படிக் குறைப்பது என்ற இரண்டையும் உங்கள் கணவரே கேட்கட்டும். அதுவரை, யார் என்ன சொன்னாலும், கொடுக்கும் மருந்தை நிறுத்தாதீர்கள்.