கோத்தகிரியில் இளைஞர் குழு நிலைக்காமல் கலைவது பற்றி

வணக்கம் நண்பரே. ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடி (லாண்டனா) என்ற களையை வெட்டத் தொடங்கியதாகவும், மூன்றாம் வாரமே பாதிப் பேர் வரவில்லை, வெட்டிய இடமும் மறுபடி துளிர்த்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அதே நாளில் தேயிலை பறிக்கப் போனால் கையில் கூலி வரும். கூலி கொடுக்க வழியில்லை என்றால் வாரம் ஒரு அரைநாள் மட்டும் வைத்து, வயிறாரச் சோறு போடுங்கள்.

துளிர்ப்பதற்குக் காரணம் அரிவாள்தான். தரைக்கு மேலே வெட்டினால் உண்ணி முன்னைவிட அடர்த்தியாக வரும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே குந்தாலியால் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வேர் மண்ணில் படக் கூடாது. காய் பழுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பறவைகள் விதையை ஊரெல்லாம் பரப்பிவிடும். அப்புறம் முளைக்கிற கன்றுகளை அடுத்த மழைக்காலங்களிலும் பிடுங்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

காப்புக்காட்டில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். அது வரும்வரை, சொந்தக்காரர் சம்மதத்தோடு பட்டா நிலத்தில் பழகுங்கள். புதருக்குள் இறங்கும் முன் சத்தம் கொடுங்கள், காட்டெருமை படுத்திருக்கும்.